சுண்டிப் பார்க்க முடியாத ரூபாய்: நாணயச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் நாணயக் கண்காட்சி நடத்தும் சங்கங்களின் நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

நான் ஈரோட்டுக்காரன். முப்பது வருஷமாக ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் சேர்த்து வருகிறேன். உங்கள் கண்காட்சிகளுக்கு முதல் பஸ் பிடித்து வந்து, அரங்கம் திறக்கும் முன்பே வாசலில் நிற்பவர்களில் நானும் ஒருவன். என்னிடம் இருக்கும் நல்ல காசுகளில் முக்கால்வாசி உங்கள் அரங்குகளில் வாங்கியவை. காசு பார்க்கக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். டீ குடித்துக்கொண்டே பெரியவர்கள் சொல்லிக் கொடுத்ததுதான் என் படிப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஸ்லாப் போட்ட காசுகளைப் பற்றியது இந்த மடல். ஸ்லாப் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். ஒரு காசைப் பரிசோதித்து, அசல்தான், இன்ன தரம் என்று ஓர் எண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, திறக்க முடியாதபடி ஒட்டி, உள்ளே ஒரு சீட்டும் வைத்துத் தருவார்கள். அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணை வைத்துத்தான் விலை. முன்பெல்லாம் உங்கள் அரங்குகளில் இப்படி டப்பா அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தென்படும். இப்போது சில மேசைகளில் டப்பாவைத் தவிர வேறு எதுவும் இல்லை. சீட்டுகளில் இருக்கும் கம்பெனிப் பெயர்களில் பாதியை நான் கேள்விப்பட்டதே இல்லை.

போன வருஷம் அப்படி ஒரு டப்பாவை நானும் வாங்கினேன். உள்ளே 1911 ரூபாய். சேகரிப்பவர்கள் 'பன்றி ரூபாய்' என்று சொல்வது. அரசர் போட்டிருக்கும் அங்கியின் மேல் ஒரு சங்கிலி இருக்கும், அதில் ஒரு சின்ன யானை. முதல் வருஷ அச்சில் அந்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாக வந்துவிட்டது, பார்த்தால் பன்றி மாதிரி தெரிந்தது. ஜனங்களிடம் எதிர்ப்பு கிளம்பியது. அடித்த சுமார் 94 லட்சத்தில் ஏறக்குறைய 7 லட்சம்தான் வெளியே போனது, மீதியைத் திரும்ப உருக்கிவிட்டார்கள் என்று கேட்டலாக் சொல்கிறது. 1912 ரூபாயில் யானையைச் சரி செய்துவிட்டார்கள். புழங்கித் தேய்ந்த 1911 ரூபாய் சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். கை படாத காசு என்றால் அதைப் போலப் பல மடங்கு.

நான் வாங்கிய டப்பாவில் எம்எஸ் 63 என்று போட்டிருந்தது. தர அளவு 1 முதல் 70 வரை. 60ஓ அதற்கு மேலோ இருந்தாலே அது புழக்கத்துக்குப் போகாத காசு என்று அர்த்தம். அரங்கத்தின் ட்யூப்லைட் வெளிச்சத்தில், பிளாஸ்டிக்குக்கு வெளியே இருந்து பார்த்தபோது வெள்ளையாகப் பளிச்சென்று இருந்தது. 24,000 ரூபாய் கொடுத்தேன். இவ்வளவு வருஷம் கழித்து ஒரு நல்ல 1911 கைக்கு வந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றைக்கு மதியம் சாப்பிடக்கூட இல்லை.

ராத்திரி வீட்டில் மேசை விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். கை படாத வெள்ளிக் காசைக் கொஞ்சம் சாய்த்துச் சுழற்றினால், வெளிச்சம் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வட்டமாக ஓடும். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்த தடங்களில் ஒளி பட்டு வருவது அது. இந்தக் காசில் வெளிச்சம் ஓடவில்லை. எப்படித் திருப்பினாலும் ஒரே வெள்ளை. அரசரின் கன்னத்தில் மயிரிழை போன்ற கோடுகள், தாடையிலிருந்து காதுப் பக்கமாக, எல்லாம் ஒரே திசையில். விபூதி போட்டு வெள்ளி விளக்கைத் தேய்ப்போமே, அதே கோடு. யானையின் வயிற்றுக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் குழியில் துளி வெள்ளைப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது.

கழுவித் தேய்த்த காசு. சேகரிப்பில் இதற்கு மேல் ஒரு குறை இல்லை. தேய்ந்த காசு தன் வயசோடு இருக்கும், அதற்கென்று ஒரு விலை உண்டு. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசில் அந்தத் தடங்கள் போய்விட்டால் போனதுதான், எதைச் செய்தாலும் திரும்பி வராது. ஒழுங்கான கிரேடிங் நிறுவனம் இப்படிப்பட்ட காசுக்கு எண்ணே கொடுக்காது. 'கழுவியது' என்று சீட்டில் எழுதித்தான் தரும்.

விற்றவருக்கு போன் செய்தேன். மரியாதையாகத்தான் பேசினார். "சார், அது கிரேடிங் கம்பெனி போட்ட நம்பர், நான் போட்டது இல்லை" என்றார். சரி என்று சீட்டில் இருந்த கம்பெனி எண்ணுக்கு அடித்தேன். எடுத்தவரின் குரல் எனக்குத் தெரிந்த குரல். கண்காட்சியில் அதே மேசையில் உட்கார்ந்து டப்பாவைப் பையில் போட்டுக் கொடுத்தாரே, விற்றவரின் தம்பி, அவர்தான். "கிரேடிங் என்பது ஒரு அபிப்பிராயம் சார், ஆளுக்கு ஆள் மாறும்" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

பிளையரால் டப்பாவின் மூலையை உடைத்துக் காசை வெளியே எடுத்தேன். எடை சரி, காசு அசல்தான். மூன்று பெரியவர்களிடம் கொண்டு போய்க் காட்டினேன். மூவரும் தனித்தனியாகச் சொன்னது ஒன்றுதான்: லேசாகப் புழங்கியது, நன்றாகக் கழுவியது, ஆறாயிரம் போகும்.

பணம் போனதைப் பற்றி அழுவதற்காக இதை எழுதவில்லை. பார்க்காமல் வாங்கியது என் தவறும்தான். ஆனால் அந்த டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது எனக்கு ஒன்று புரிந்தது. அதைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, மாட்டு வியாபாரி. சந்தையில் கைமாறும் ஒவ்வொரு வெள்ளி ரூபாயையும் கட்டை விரல் நகத்தில் வைத்துச் சுண்டி, காதருகே கேட்பாராம். ஓசை நீண்டு போனால் மடியில் கட்டுவார். 'டொக்' என்று நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுவார். அப்புறம் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார், வெட்டிய வரிகள் ஒழுங்காக இருக்கிறதா, எங்காவது ஒட்டுப் போட்டிருக்கிறதா என்று. சந்தேகம் வந்தால் தராசு. பிரிட்டிஷ் இந்தியா ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். வெள்ளி 91.7 சதவீதம். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு இந்த எண்கள் தெரியாது. விரலுக்கும் காதுக்கும் தெரியும்.

டப்பாவில் பூட்டிய காசைச் சுண்ட முடியாது. தனியாக எடை போட முடியாது. ஓரம் பெரும்பாலும் தெரியாது. வாங்குகிறவன் கையில் காலங்காலமாக இருந்த மூன்று சோதனைகளையும் அந்த பிளாஸ்டிக் பிடுங்கிக்கொள்கிறது. "நீங்கள் சோதிக்க வேண்டாம், உங்களுக்காக நான் சோதித்துவிட்டேன்" என்பதுதான் ஸ்லாபின் பேச்சு. அப்படியானால் பூட்டியவர் அந்தப் பேச்சுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பொறுப்பேற்காமல் பூட்டுவது வாங்குகிறவனின் கண்ணைக் கட்டுவது.

இந்த முறை எதற்காக வந்தது என்று நீங்கள் அறிவீர்கள். அமெரிக்காவில் வியாபாரிகளே தரம் சொல்லி வந்த காலத்தில், வாங்கும்போது ஒரு தரமும் விற்கும்போது வேறு தரமும் சொல்லி ஆட்களை ஏமாற்றியது பெரிய தலைவலியாக இருந்தது. அங்கே முதலில் இதில் இறங்கியது ஒரு சங்கம்தான். அமெரிக்க நாணயவியல் சங்கம் 1972ல் ஏஎன்ஏசிஎஸ் என்ற சேவையைத் தொடங்கி, காசு அசலா போலியா என்று சான்று கொடுத்தது. 1979ல் தரமும் சொல்ல ஆரம்பித்தது. பிறகு 1986ல் பிசிஜிஎஸ், 1987ல் என்ஜிசி. இந்த இரண்டு நிறுவனங்களும் உலகம் முழுக்க நம்பிக்கை பெற்றதற்குக் காரணம் டப்பாவின் அழகில் இல்லை. தரம் போடுகிறவருக்குக் காசு யாருடையது என்று தெரியாது. ஒருவர் போட்டதை இன்னொருவரும் பார்ப்பார். சீட்டு எண்ணை இணையத்தில் அடித்தால் விவரம் வரும், பல காசுகளுக்குப் படமும் வரும். தவறு என்று நிரூபணமானால், சில நிபந்தனைகளோடு, நஷ்டத்தை ஈடு செய்வதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அவர்களும் தவறு செய்வதுண்டு. அவர்கள் டப்பாவையே மோசடிக்காரர்கள் போலியாகச் செய்து விற்கிறார்கள், 2008லேயே என்ஜிசி இதைப் பற்றி எச்சரித்தது. ஆனாலும் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

நம் ஊரில் நிலைமை வேறு என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். 1972ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய காசு தொல்பொருள். தனி ஆள் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. என் 1911 ரூபாயைப் பார்சல் கட்டி அமெரிக்காவுக்கு அனுப்பித் தரம் போட்டு வாங்குவது சட்டத்துக்கு விரோதம். சட்டம் நல்லதுதான், நம் காசு நம் நாட்டில் இருக்கட்டும். ஆனால் அதனால் உண்டான இடைவெளியில்தான் உள்ளூர் டப்பாக்கள் முளைத்திருக்கின்றன. அதில் நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது என் எண்ணம் இல்லை. பொய் டப்பாவால் முதலில் அடிபடுவதே அவர்கள்தான்.

இந்த மடலை எழுதியே தீர வேண்டும் என்று தோன்றியது என் ரூபாயால் இல்லை. போன தை மாதம் ஒரு கண்காட்சியில் ஒரு கல்லூரி மாணவர் அம்மாவோடு வந்திருந்தார். நான் லென்ஸ் வைத்துப் பார்ப்பதைக் கவனித்துவிட்டுப் பக்கத்தில் வந்து, "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று ஒரு டப்பாவை நீட்டினார். செம்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், இன்னொரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி, 1818. சீட்டில் எக்ஸ்எஃப் 45. விலை 3,500 ரூபாய், பகுதி நேர வேலையில் சேர்த்த பணம்.

கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடித்ததே இல்லை. சாமி படமும் 1616, 1818 போன்ற வருஷங்களும் போட்டு அலையும் அந்தச் செம்பு வில்லைகள் எல்லாம் பின்னால் யாரோ செய்து விற்றவை. அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லி நம் ஊர்களில் குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டு வந்த மோசடிகளில் கைமாறுவதும் இதே வகைக் காசுதான். புழக்கத்திலேயே இல்லாத ஒரு காசுக்கு, 'லேசாகப் புழங்கியது' என்று 45 மார்க் போட்டு ஒருவர் பூட்டியிருக்கிறார். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அந்தப் பையன் ஒன்றும் பேசவில்லை. அம்மாதான், "சீட்டுப் போட்டிருக்கே சார்" என்றார்கள். அப்புறம் சுவரில் மாட்டியிருந்த உங்கள் சங்கப் பேனரைக் காட்டி, "இவ்வளவு பெரிய சங்கம் நடத்துறாங்க, இங்கேயுமா?" என்றார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அதனால் அந்தக் கேள்வியை உங்களிடம் கொண்டு வந்திருக்கிறேன்.

"நாங்கள் மேசை வாடகைக்குத்தான் விடுகிறோம், என்ன விற்கிறார்கள் என்பது அவரவர் பாடு" என்று ஒரு நிர்வாகி என்னிடம் சொன்னார். வாசலில் சங்கத்தின் பெயர் இருக்கிறது. ஜனங்கள் அந்தப் பெயரை நம்பித்தான் உள்ளே வருகிறார்கள். சங்கம் இருக்கும் இடத்தில் போலி இருக்காது என்று நினைத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு வாடகைக் கணக்கு பொருந்தாது.

நான் கேட்பதில் முதலாவது இது. தான் விற்கும் காசுக்குத் தானே தரம் போட்டு, அல்லது தன் வீட்டு ஆளை விட்டுப் போட்டு, மூன்றாம் ஆள் போட்டது போலக் காட்டுகிறவருக்கு மேசை கொடுக்காதீர்கள். நகைக்கடையை நினைத்துப் பாருங்கள். செயினில் ஹால்மார்க் முத்திரையைக் கடைக்காரரே குத்திக்கொள்ள முடியாது. தனியாக ஒரு மையம் பரிசோதித்து, ஆறு இலக்க எச்யுஐடி எண் போட்டுத் தர வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் அந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்கவே கூடாது. யார் வேண்டுமானாலும் பிஐஎஸ் கேர் செயலியில் எண்ணை அடித்துச் சரிபார்க்கலாம். தங்கத்துக்கு அரசாங்கம் செய்ததைக் காசுக்கு நீங்கள் உங்கள் நான்கு சுவருக்குள்ளாவது செய்யலாம். மேசைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தில் மூன்று கேள்வி சேர்த்தால் போதும்: கிரேடிங் நிறுவனம் யாருடையது, தவறு என்றால் பணம் யார் தருவார், சீட்டு எண்ணை எங்கே சரிபார்ப்பது. பதில் எழுத முடியாதவர் ஸ்லாப் இல்லாமல் சாதாரணக் காசாக விற்கட்டும். நாங்கள் சுண்டிப் பார்த்து வாங்கிக்கொள்கிறோம்.

அடுத்தது பில். 2019ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒரு பொருள் இன்ன தரம், இன்ன கிரேடு என்று பொய்யாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்று தெளிவாகவே சொல்கிறது. இரண்டு வருஷத்துக்குள் புகார் கொடுக்கலாம், வழி கேட்க 1915 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. ஆனால் என்னிடம் பில் இல்லை. கண்காட்சியில் யாரும் கொடுப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. கேட்டால், "என்ன சார், நமக்குள்ளே" என்று முகம் மாறிவிடும். ஸ்லாப் காசு விற்றால், சீட்டு எண்ணும் நிறுவனப் பெயரும் எழுதிய பில் கட்டாயம் என்று சங்கம் சொல்லிவிட்டால் அந்தச் சங்கடம் யாருக்கும் இல்லை. வாங்கிய ஏழு நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்ற வரியும் அதிலேயே இருக்கட்டும்.

மூன்றாவதாகக் கேட்பது எனக்கு ரொம்பப் பிடித்தமானது. ஒவ்வொரு கண்காட்சியிலும் நோட்டம் பார்க்க ஒரு மேசை போடுங்கள். நோட்டம் என்ற சொல்லே காசைச் சோதிப்பதற்காகப் புழங்கியது. நோட்டக்காரர், சராப்பு என்றெல்லாம் கடைத்தெருவில் ஆள் இருந்தார்கள். அதற்கும் முன்னால் போனால் வண்ணக்கன். சங்கப் புலவர்கள் சிலருடைய பெயரிலேயே அந்தச் சொல் ஒட்டியிருக்கிறது. காசின் தரம் பார்ப்பது கவிஞருக்கும் கௌரவமான தொழிலாக இருந்த ஊர் இது. அந்த மேசைக்குப் பெரிய செலவில்லை. நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசு, தண்ணீரில் முக்கி அடர்த்தி பார்க்க ஒரு சின்ன டம்ளரும் நூலும், நல்ல விளக்கு, இரண்டு லென்ஸ். விற்பனையை விட்டு ஒதுங்கிய பெரியவர்கள் இரண்டு பேர். அவர்கள் எண் எதுவும் போட வேண்டாம். "கழுவியிருக்கிறது", "ஓரம் சந்தேகம்", "இப்படி ஒரு காசே கிடையாது" என்று சொன்னால் போதும். 1938 ரூபாயின் கடைசி 8ஐத் திருத்தி அபூர்வமான 1939 ஆக்குவதும், வார்ப்பில் எடுத்த போலியும் டப்பாவுக்குள் எவ்வளவு அழகாகத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிற பிள்ளைகள் அந்த மேசையைச் சுற்றி நிற்பார்கள். நான் அப்படி நின்றுதான் கற்றுக்கொண்டேன். உட்கார ஆள் வேண்டுமென்றால் ஈரோட்டிலிருந்து நான் வருகிறேன், பஸ் காசுகூட வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் மேசை எடுப்பவர்கள் குறைந்துவிடுவார்கள் என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இரண்டு வருஷம் குறையலாம். ஆனால் ஏமாந்தவன் ஒரு தடவைதான் வருவான், போகும்போது தெரிந்தவர்களையும் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தக் கல்லூரி மாணவர் இப்போது காசு சேர்ப்பதை விட்டுவிட்டார். அவருக்கு நான் இரண்டு தடவை போன் செய்தேன். "பரீட்சை இருக்குண்ணா" என்று வைத்துவிட்டார்.

அடுத்த கண்காட்சிக்கு வரும்போது அந்த 1911 ரூபாயையும் உடைத்த டப்பாவையும் கொண்டு வருகிறேன். விற்றவர் பெயரை யாரிடமும் சொல்ல மாட்டேன், எனக்கு அது முக்கியமில்லை. வாசல் பக்கத்து நாற்காலியில் லென்ஸோடு உட்கார்ந்திருப்பேன். நிர்வாகிகள் ஒவ்வொருவரும் வந்து யானையின் காலுக்கு நடுவே இருக்கும் அந்த வெள்ளைப் பொடியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள். துடைக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் சேர்ப்பவன்,
ஈரோடு